போர்க்காலத்தில் பத்திரிகைக் கட்டுரையாளர்கள் சொல்லும் கருத்து மக்களை உண்மையிலேயே மாற்றுமா?

மாற்றும். ஆனால் கத்தி எழுதுகிறவர்களைவிட, நிதானமாக எழுதுகிறவர்கள்தான் அதிகம் மாற்றுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எனக்குத் திருமங்கலம் - பேரையூர் பக்கம். டீக்கடையில் தலைப்புச் செய்தியை எல்லோரும் படிப்பார்கள். நடுப்பக்கக் கட்டுரையைப் படிக்கிறவர் ஒருவரோ இருவரோதான். மறுநாள் அந்தத் தாளில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள். (போர்ச் செய்திப் பசி எங்களுக்குப் புதுசில்லை. தினத்தந்தியே 1942-ல், உலகப் போருக்கு நடுவில், மதுரையில் தொடங்கியதுதான்.) ஆனால் படித்த அந்த ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியாரோ எல்.ஐ.சி. ஏஜெண்டோ, அதைத் தன் கருத்தாகவே பெஞ்சில் உட்கார்ந்து சொல்வார். ரெண்டு நாளில் அது ஊர்ப்பேச்சு ஆகிவிடும். முதலில் எழுதியது யார் என்று கேட்க ஆள் இருக்காது.

2025 மே மாதம் கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்று சில டி.வி. சேனல்கள் அலறியபோது, பட்டாளத்தில் இருந்து வந்த என் பெரியப்பா, "இவன் எந்த ரெஜிமெண்ட்டுல இருந்தானாம்?" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதே பெரியப்பா, பத்திரிகையில் அடக்கமான நடையில் வந்த ஒரு கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க அதையே பேசினார். அதை எழுதியவரும் எந்த ரெஜிமெண்டிலும் இருந்தவர் இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையாளர் வால்டர் லிப்மன். அந்தக் காலத்தில் வாஷிங்டனில் அதிகாரத்தில் இருந்தவர்கள் காலையில் தேடிப் படித்த ஆள். அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பற்றி எழுதினார். அங்கே இதுவரை பெரிய நாசவேலை எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே பயப்பட வேண்டும், தக்க நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஊரில் திருட்டே நடக்காததால் பக்கத்து வீட்டுக்காரன்தான் திருடன் என்று சொல்வது மாதிரி. ஆனால் எழுதியவர் லிப்மன் ஆயிற்றே! சில நாளில் வெஸ்ட்புரூக் பெக்லர் என்ற இன்னொரு கட்டுரையாளர் (இவர் கத்துகிற ரகம்) லிப்மனே சொல்லிவிட்டார் என்று அவர் பெயரைக் காட்டி, ஜப்பானியர் அத்தனை பேரையும் காவலில் போடு, சட்டமாவது ஒன்றாவது என்று எழுதினார். பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ராணுவம் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வழிசெய்யும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

கட்டுரையால்தான் உத்தரவு வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகுதி ராணுவத் தளபதி ஏற்கெனவே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரை செய்தது என்னவென்றால், செய்யக் கூச்சப்பட்ட காரியத்துக்கு ஒரு மரியாதை கொடுத்தது.

எல்லோரும் இப்படி என்றும் இல்லை. எர்னி பைல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இரண்டாம் உலகப் போர்முனையில் காலாட்படையோடு கிடந்து எழுதியவர். விமானிகளுக்குப் பறப்பதற்கென்று கூடுதல் சம்பளம் இருக்கும்போது சண்டை போடுகிற சிப்பாய்க்கும் கூடுதல் சம்பளம் வேண்டாமா என்று கேட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் 1944-ல் மாதம் 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. அடுத்த வருடம் ஒகினாவா பக்கத்துத் தீவில் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். என் பெரியப்பா இவரை ஒத்துக்கொள்வார்.

நமக்குப் பக்கத்திலேயே, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் தராக்கி சிவராம் இருந்தார். இலங்கைப் போரின் ராணுவக் கணக்குகளை ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதினார். தமிழர்கள் மட்டுமில்லை, எதிர்த்தரப்பும் படித்தது. 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். எழுத்துக்குப் பலன் இல்லையென்றால் யார் கொல்லப் போகிறார்கள்?

அப்புறம், லிப்மன் பின்னாளில் வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதே பேனா, அதே வாசகர்கள். முதலில் அவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்ட ஜனாதிபதி ஜான்சன், பிறகு அவரைக் கேலி பேச ஆரம்பித்தார். லிப்மன் 1967-ல் பத்தி எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அவர் அவ்வளவு எழுதியும் போர் நிற்கவில்லை; 1968-ல் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் 5 லட்சத்துக்கும் மேல்.