பின்கட்டு மூங்கிலை அடக்குவது எப்படி? கேள்வி பதில்

கானாடுகாத்தான்: பின்கட்டில் சுவரோரம் வைத்த மூங்கில் பெரும்புதராகிவிட்டது. வீடு பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. எங்கே தொடங்குவது, ஐயா?

கோடாலியை எடுக்குமுன் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பறித்துக் கிழங்கைப் பாருங்கள். முள்மூங்கில், கல்மூங்கில், அழகுக்கு வைக்கும் மஞ்சள் மூங்கில் எல்லாம் தூர் கட்டுகிற வகை. கிழங்கு குட்டையாகப் பருத்து, நுனி மேலே வளைந்து அங்கேயே கழியாகிவிடும். தூர் ஆண்டுதோறும் கொஞ்சம் அகலமாகும், அடுத்த மனைக்குத் தாவாது. ஓடுகிற வகையின் கிழங்கு விரல் பருமனில், கணுக்கணுவாகக் கயிறு போல நீண்டு, பத்தடி தள்ளிக்கூடக் குருத்து விடும். நர்சரியில் வேலிக்கென்று விற்கும் மெல்லிய மூங்கில்களில் இந்த வகையும் உண்டு. ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா என்கிற ஓடும் மூங்கில் என்றால் கழியைத் தடவினாலே தெரியும்: கிளை விட்ட கணுவுக்கு மேலே ஒரு பக்கம் கட்டைவிரல் பதிகிற மாதிரி பள்ளம் ஓடும். கணுவுக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு கிளை இருக்கும். எந்த வகை என்று தெரியாமல் ஆளை இறக்கினால் கூலிதான் வீண்.

தேவகோட்டை: எங்களுடையது முள்மூங்கில். தூரோடு எடுக்க வேண்டும். ஜேசிபி விடலாமா?

சுண்ணாம்புக் காரைச் சுவரிலிருந்து எட்டடிக்குள் வேண்டாம். கிழங்கு அஸ்திவாரக் கல்லைக் கவ்வியிருந்தால், வாளி இழுக்கும்போது கல்லும் சேர்ந்து வரும். அங்கே கைவேலைதான். முதலில் வெளிப்பக்க முள்கிளைகளைத் தொரட்டியால் இழுத்து வெட்டி வழி செய்யுங்கள். குருத்தை மூடிய மட்டையில் கருஞ்சுணை இருக்கும், அதனால் முழுக்கைச் சட்டையும் தோல் உறையும் கட்டாயம். கழிகளை ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், அந்தக் கட்டை பிறகு நெம்பப் பிடியாகும். தூரைச் சுற்றி இரண்டடி ஆழம் பறித்தால் பெரும்பாலான கிழங்கு அகப்படும். முழுத்தூரையும் ஒரே மூச்சில் புரட்டப் பார்க்காதீர்கள். கோடாலியால் நான்கைந்து துண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் நெம்புங்கள். சரளை மண்ணில் காய்ந்த காலத்தில் கடப்பாரை இறங்காது. முந்தைய நாள் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள், அல்லது நல்ல மழைக்கு மறுநாள் செய்யுங்கள்.

பள்ளத்தூர்: வெட்டிய இரண்டு மாதத்தில் மறுபடி முளைத்துவிட்டது. என்ன தப்பு?

கழியை வெட்டியிருக்கிறீர்கள், கிழங்கின் சேமிப்பு அப்படியே இருக்கிறது. புதுக்குருத்து அந்தச் சேமிப்பைத் தின்றுதான் உயர்கிறது. இலை விரிந்த பிறகே கிழங்குக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே குருத்து இரண்டடி உயர்ந்து, இலை விரியுமுன் ஒடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் விட்டால் பழைய நிலைதான், குறைந்தது இரண்டு மூன்று மழைக்காலம் தொடருங்கள். பருத்த குருத்து நின்று, புல் மாதிரி மெல்லிசாக வர ஆரம்பித்தால் கிழங்கு ஓய்கிறது என்று அர்த்தம். பூட்டிய வீடென்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

ஒடித்த குருத்தைப் பச்சையாக மாட்டுக்குப் போட வேண்டாம். அதில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. இலை போடலாம்.

காரைக்குடி: கல் உப்பு கொட்டு, டீசல் ஊற்று, கொளுத்து என்கிறார்கள். எது நல்லது அண்ணே?

எதுவும் வேண்டாம். உப்பு அந்த மண்ணைப் பாழாக்கும், டீசல் கிணற்றுக்குப் போகும். தீயில் மேல்கழிதான் எரியும், மூடிய கணுவிடை வெடித்துச் சிதறும், மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியையும் வாங்கி நீங்களே அடிக்கக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது.

புதுவயல்: ஓடுகிற மூங்கில்தான், ஆனால் மறைப்புக்கு வேண்டும். தடுப்புச் சுவர் கட்டலாமா?

செங்கல்லும் கடப்பாக் கல்லும் நிற்காது, இணைப்பில் கிழங்கு நுழைந்துவிடும். 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) தகடு வாங்குங்கள், அகலம் இரண்டரை அடி. 28 அங்குலம் பள்ளம் பறித்து இறக்கி, இரண்டு அங்குலம் மண்ணுக்கு மேலே நிற்க விடுங்கள். மேல்விளிம்பு வெளிப்பக்கம் லேசாகச் சாயட்டும், அப்போதுதான் முட்டும் கிழங்கு கீழே போகாமல் மேலே திரும்பும். தகடு சேருமிடத்தில் ஓரடி மேற்படிய வைத்து, இரு பக்கமும் துருப்பிடிக்காத பட்டை கொடுத்துப் போல்ட் போடுங்கள். தோற்றுப்போவது எப்போதும் இந்த இணைப்புதான். வெளிப்பக்க மண்ணை நன்றாக இடியுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை விளிம்பைச் சுற்றி வந்து, மேலேறித் தாண்டும் கிழங்கை வெட்டிவிடுங்கள். சருகு அந்த இரண்டு அங்குலத்தை மூடிவிட்டால் தாண்டுவது கண்ணுக்கே தெரியாது.

தகட்டுக்குப் பதில் கிணற்று உறை வைப்பதென்றால் ஓரடி உறை ஒன்று போதாது, அடியில் புகுந்து வரும். இரண்டை அடுக்கி இணைப்பைப் பூசுங்கள். விரிசல் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கோட்டையூர்: வெட்ட அனுமதி வேண்டுமா? வெட்டிய கழியை என்ன செய்வது?

2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கிலை எடுத்துவிட்டார்கள். காட்டுக்கு வெளியே உங்கள் தோட்டத்தில் வளர்ந்ததை வெட்ட அந்தச் சட்டப்படி அனுமதி வேண்டாம்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட கழி பந்தலுக்கு ஆகும். இளசு சீக்கிரம் உளுத்துப்போகும். மஞ்சள் மூங்கில் கழியை மட்டும் பச்சையாக வேலிக்கு ஊன்றாதீர்கள், ஈரமண்ணில் கணுவிலிருந்து வேர் விட்டுத் துளிர்த்துவிடும். சிமெண்ட் தரையில் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு ஊன்றுங்கள்.