அமெரிக்க ஃபெடரல் சிறை: தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் என்ன வழி? – கேள்வி பதில்

உறவினர் ஃபெடரல் சிறையில் இருக்கும் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். மாநிலச் சிறைகளுக்குச் சட்டம் வேறு. இதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: கணவருக்குப் பத்து வருடத் தண்டனை. பாதியில் பரோலில் விடுவார்களாமே, மேடம்?

இல்லைங்க. 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு ஃபெடரல் பரோலே கிடையாது. நன்னடத்தைக் கழிவு உண்டு. விதித்த தண்டனையில் ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள். பத்து வருடத்துக்கு 540 நாள். அதுபோக, 2018-இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டப்படி, சிறையின் பயிற்சிகளில் கலந்துகொண்டால் 30 நாளுக்கு 10 நாள், சிலருக்கு 15 நாள் சலுகையாகச் சேரும். சில குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. நாடு கடத்தும் இறுதி உத்தரவு உள்ளவர்களும் சேர்த்த நாட்களைப் பயன்படுத்த முடியாது. குடியுரிமை இல்லாத குடும்பங்கள் இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, டயாலிசிஸ் நடக்கிறது. கம்பாஷனேட் ரிலீஸ் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். கடும் நோய், முதுமை, குடும்பச் சூழல் போன்ற காரணங்களுக்காக நீதிமன்றம் தண்டனையைக் குறைத்து முன்கூட்டியே விடுவதுதான் கம்பாஷனேட் ரிலீஸ். 2018 வரை சிறைத் துறை மனசு வைத்தால்தான் இந்த மனு நீதிமன்றம் போகும். இப்போது கைதியே போடலாம். ஆனால் முதலில் வார்டனுக்கு (சிறையின் தலைமை அதிகாரிக்கு) எழுத வேண்டும். அவர் மறுத்து, சிறைத் துறைக்குள் மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டாலோ, கோரிக்கை அவர் கைக்குப் போய் 30 நாள் ஆகிவிட்டாலோதான் (எது முதலில் வருகிறதோ) நீதிமன்றம் போகலாம். அப்பாவுக்குத் தண்டனை விதித்த அதே நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். சிறை இருக்கும் ஊரில் அல்ல.

பலர் கோட்டை விடுவது அந்த முதல் கடிதத்தில்தான். "உடம்பு சரியில்லை, கருணை காட்டுங்கள்" என்று இரண்டு வரி போதாது. என்ன நோய், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, தேவையான சிகிச்சை அங்கே கிடைக்கிறதா, வெளியே வந்தால் யார் வீட்டில் தங்குவார், எந்த மருத்துவமனையில் பார்ப்பீர்கள், செலவு யாருடையது என்று எல்லாம் எழுதுங்கள். சிறையில் இப்படிக் கோரிக்கை எழுதும் படிவத்தைக் 'காப்-அவுட்' என்பார்கள். கொடுத்த தேதியோடு ஒரு நகல் அப்பாவிடமும், இன்னொன்று உங்களிடமும் இருக்கட்டும். 30 நாள் கணக்கில் தகராறு வந்தால் அந்த நகல்தான் சாட்சி.

வயதை வைத்தும் கேட்கலாம். 65 நிரம்பி, முதுமையால் உடல்நிலை மிகவும் மோசமாகி, பத்து ஆண்டு அல்லது தண்டனையில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை முடித்திருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் விடுதலை நிச்சயம் என்றில்லை. குற்றத்தின் கடுமை, வெளியே வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா என்பதையெல்லாம் நீதிபதி எடைபோடுவார்.

கேள்வி: வார்டன் மறுத்துவிட்டார். அவ்வளவுதானா?

மனம் தளராதீர்கள். சிறைத் துறைக்குள் மேல்முறையீடுகளை முடித்த பிறகோ, கோரிக்கை வார்டன் கைக்குப் போய் 30 நாள் ஆன பிறகோ, அந்த மறுப்புக் கடிதத்தோடு நீதிமன்றம் போகலாம்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கை. அண்ணன் வந்தால்தான் பார்த்துக்கொள்ள ஆள்.

2023 நவம்பர் 1 முதல், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பராமரிப்பதும் கம்பாஷனேட் ரிலீஸ் கேட்க ஒரு காரணமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள அண்ணனை விட்டால் வேறு ஆளே இல்லை என்று காட்ட வேண்டும். "நீங்கள் இருக்கிறீர்களே?" என்று அரசு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். உங்களால் ஏன் முடியாது என்பதற்கும் சான்று வையுங்கள்: வேலை, தூரம், உங்கள் உடல்நிலை எதுவானாலும்.

கேள்வி: உள்ளே டிகிரி முடித்தார், ஒரு புகார்கூட இல்லை. போதாதா?

கம்பாஷனேட் ரிலீஸுக்கு அது மட்டும் போதாது என்று சட்டமே சொல்கிறது. நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான். வேறொரு காரணத்தோடு சேரும்போது நல்ல பலம் தரும்; சான்றிதழ்களை விடாமல் இணையுங்கள்.

கேள்வி: போலீசுக்குக் கொடுக்கத் துப்பு வாங்கித் தருகிறேன், தண்டனை குறையும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்! விசாரணைக்கு உதவியவருக்குத் தண்டனை குறைக்க ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் விதி 35(பி) இருக்கிறது. ஆனால் அந்த மனுவை அரசுத் தரப்பு மட்டுமே போட முடியும், அதுவும் பெரும்பாலும் தண்டனை விதித்து ஓராண்டுக்குள். விலைக்கு வாங்கிய துப்பால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம்.

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

இந்த மனுக்களுக்கு இலவச வழக்கறிஞர் உரிமையாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் தண்டனை விதித்த மாவட்டத்தின் ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் (வசதி இல்லாதவர்களுக்காக வாதாடும் அரசுச் செலவு வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் எடுத்து நடத்துகிறார்கள். வழக்கு எண்ணும் கைதிப் பதிவு எண்ணும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.