கோழிக்குப் புழு போடுகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: நாற்பது முட்டைக்கோழிகள் வைத்திருக்கிறேன். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை நானே வளர்க்கிறேன். புழுவில் 40 சதவீதம் புரதம் என்று படித்துவிட்டு, இரண்டு மாதமாகத் தீவனத்தை நிறுத்திவிட்டு புழுவும் கொஞ்சம் தானியமும் மட்டும் போட்டு வருகிறேன். இப்போது முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. நன்றாக இருந்த ஒரு கோழி திடீரென்று செத்துவிட்டது, அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரே கொழுப்பு. புழு விஷமா?

பதில்: விஷம் இல்லை. ஆனால் அந்த 40 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், அது காய்ந்த புழுவின் கணக்கு. நீங்கள் உயிரோடு அள்ளிப் போடும் புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அப்புறம், ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். புழுவின் தோலில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் இருக்கிறது, அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆக கோழிக்கு அவ்வளவாக ஒட்டாத தோலும் புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்தப் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே பொருத்தம் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அப்படிப் பார்த்தால் 40 என்பது 30 ஆகிவிடும். கொழுப்பும் கிட்டத்தட்ட அதே 30 சதவீதம்.

இப்போது உங்கள் கோழிக்கு வருவோம். முட்டையிடும் கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், அதில் 18 கிராம் புரதம் கிடைக்கும், கொழுப்பு நாலைந்து கிராம் இருக்கும். அந்த 18 கிராமைக் காயாத புழுவிலேயே கொடுக்க 180 கிராம் புழு வேண்டும், கூடவே 18 கிராம் கொழுப்பும் உள்ளே போய்விடும். தானியம் வேறு. அந்தக் கொழுப்பு போய்ச் சேரும் இடம் கல்லீரல். செத்த கோழியின் கல்லீரல் மஞ்சளாக வெளிறி, விரலால் அழுத்தினால் களிமண் மாதிரிப் பிய்ந்து, பக்கத்தில் ரத்தம் உறைந்து கிடந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் கொழுப்பேறிய கல்லீரல் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. இன்னொன்று செத்தால் நீங்களே அறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பழைய தீவனத்துக்கே திரும்புங்கள், நாலைந்து நாளில் படிப்படியாக மாற்றினால் போதும். புழுவை நிறுத்த வேண்டாம், கோழிக்கு 10, 15 கிராம் வீதம் கூளத்தில் தூவி விடுங்கள். கிளறித் தேடித் தின்னும் வேலை கிடைத்தால் ஒன்றையொன்று கொத்துவது குறைகிறது, உயிருள்ள புழுவுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பே அதற்குத்தான். கிளிஞ்சல் தனித் தட்டில் எப்போதும் இருக்கட்டும். புழுவில் சுண்ணாம்புச் சத்து உண்டுதான், ஆனால் அது தின்ற தீனியைப் பொறுத்து ஏறி இறங்கும், முட்டை ஓட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: செத்த கோழியைப் பண்ணை ஓரத்தில் போட்டால் தானாகவே புழு வைக்கிறது. அதுவும் புழுதானே, கோழிகளை மேய விட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அழுகும் பிணத்துக்குள் போட்டுலிசம் கிருமி நஞ்சை உண்டாக்குகிறது. புழுவுக்கு அந்த நஞ்சால் ஒன்றும் ஆவதில்லை, உடம்பில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. தின்ற கோழிக்கோ முதலில் கால் தளரும், பிறகு கழுத்தைத் தூக்க முடியாது, அலகு தரையில் படக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். அந்தக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாங்கிப் பிடித்தவர்கள் அடுத்த முறை பிணத்தை அன்றைக்கே புதைப்பார்கள். ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

கூளத்தில் ஓடும் சிறிய கறுப்பு வண்டையும் அதன் புழுவையும் இதே வரிசையில் வையுங்கள். அவை சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், நாடாப்புழுவும் அவற்றின் வழியாகப் பரவும். வளர்த்த புழு வேறு, வந்த புழு வேறு.

கேள்வி: அப்படியானால் வளர்க்கும் புழுவுக்கு எதைப் போடுவது? கோழி எச்சமே நிறைய இருக்கிறதே.

பதில்: எச்சத்தில் புழு நன்றாகவே வளரும். அந்தப் புழுவை உரக் குழிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோழிக்குப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும் எச்சம், சமையல் கழிவு, இறைச்சிக் கழிவு எதிலும் பூச்சியை வளர்க்கக் கூடாது என்ற விதியை விடவில்லை. காய்கறி, பழக் கழிவு, தவிடு போதும். சாலையோரத்து மண்ணும் சாக்கடைத் தண்ணீரும் பட்ட கழிவு வேண்டாம், இந்தப் புழு காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உடம்பில் சேர்த்து வைக்கும்.

ஈரம்தான் பலர் தவறவிடுவது. தீனியைக் கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழலாம், ஒழுகினால் தவிடு கலக்குங்கள். ஈரம் மிஞ்சினால் மூச்சு முட்டி, ராத்திரியோடு ராத்திரியாக மொத்தப் புழுவும் சுவரேறிவிடும். சரியாக இருக்கும் தட்டில் காதை வைத்தால் மெல்லிய தூறல் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், நாற்றமும் பெரிதாக இருக்காது.

கேள்வி: ஈ பெருகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: இந்த ஈ கடிக்காது, கொட்டாது, சாப்பாட்டில் வந்து உட்காராது. வளர்ந்த ஈ ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும், இணை சேரும், பக்கத்து இடுக்கில் 500 முட்டை போல இட்டுவிட்டுச் செத்துவிடும். இதன் புழு அடர்த்தியாக இருக்கும் தட்டில் வீட்டு ஈ முட்டை வைப்பதும் குறைகிறது.

கேள்வி: காயவைத்துப் பொடியாக்கித் தீவனத்தில் எவ்வளவு கலக்கலாம்?

பதில்: கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, நன்றாகக் காயவைத்துப் பொடியுங்கள். 5-இல் தொடங்கி 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 15-க்குப் போன சோதனைகளில் கறிக்கோழியின் வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது. கொழுப்பு எடுக்காத பொடி சீக்கிரம் காறிவிடும், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.