இரண்டு முறை கன்கஷன் வந்த கேட்சர் மறுபடியும் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரலாமா?

கேள்வி: "என் தம்பி மதுரையில் கல்லூரி பேஸ்பால் அணியில் கேட்சர். ஒரே வருடத்தில் இரண்டு முறை தலையில் அடிபட்டது. இரண்டு முறையும் டாக்டர் கன்கஷன் என்றார். ஸ்கேன் நார்மல். இப்போது நன்றாக இருக்கிறேன் என்கிறான். அடுத்த மாதம் போட்டி வருகிறது. மறுபடியும் கேட்சராக விடலாமா?"

விடாதீர்கள். பேஸ்பாலையே நிறுத்தச் சொல்லவில்லை. கேட்சராக உட்காருவதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். கன்கஷன் என்றால் தலையில் பட்ட அடியில் மூளை குலுங்கி, அதன் வேலை தடுமாறுவது.

நீங்கள் அந்தப் பையனுக்கு அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். "நன்றாக இருக்கிறேன் என்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள், "நன்றாக இருக்கிறான்" என்று எழுதவில்லை. உங்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

நான் டாக்டர் இல்லை. மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரி, பத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியை. 1998 முதல் 2001 வரை மதுரையில் படித்தபோது கல்லூரி சாப்ட்பால் அணியில் கேட்சராக இருந்தேன். சாப்ட்பாலும் பேஸ்பாலும் ஒன்றா என்று கேட்க வருவார்கள். பேஸ்பாலில் வேகம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்ட்பால் பந்து பெயரில்தான் சாப்ட். பேஸ்பால் 150 கிராமுக்குள் நிற்கும், இது 177 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். இரண்டிலும் கேட்சர் உட்காரும் இடம் ஒன்றுதான். பிட்சர் எறிகிற பந்தைப் பிடிக்க, மட்டை வீசுகிறவருக்குப் பின்னாலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். மட்டையில் லேசாக உரசித் திசை மாறி வருகிற பந்துக்கு ஃபவுல் டிப் என்று பெயர். அதைப் பார்த்து விலக நேரம் கிடையாது. மாஸ்க்தான் வாங்கும்.

எங்கள் மாஸ்க் பையன்கள் அணி போட்டுக் கழித்தது. உள்ளே இருந்த மெத்தை வியர்வை ஊறி ஊறிக் காய்ந்து பனைமட்டை மாதிரி விறைத்துப்போயிருந்தது. பின்பக்க எலாஸ்டிக் அறுந்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தோம். நெற்றியில் உறுத்தும் என்று நான் உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வேன். தலைக்கு ஹெல்மெட் கிடையாது.

முதல் அடி 2001 ஜனவரிக் கடைசியில், பயிற்சியில். ஃபவுல் டிப் நேராக மாஸ்க்கின் நெற்றிக் கம்பியில் பட்டது. வெறும் பித்தளைக் குடத்தைக் கல்லில் போட்டது போலச் சத்தம், அப்புறம் ஒரு நொடி எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று கையைக் காட்டிவிட்டு ஆடினேன். அன்று சாயங்காலம் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நான்கைந்து என் கண்ணெதிரே போனது. எதில் ஏறவேண்டும் என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் தினமும் ஏறிய பஸ். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது அடி மார்ச் முதல் வாரம், போட்டியில். மூன்றாவது பேஸிலிருந்து ரன் எடுக்க ஓடிவந்த பெண்ணை, அவள் தொடவேண்டிய பிளேட்டில் மறித்தேன். அவள் சறுக்கியபோது முழங்கால் என் காதுக்கு மேலே இடித்தது. சில விநாடி நினைவில்லை. கண்ணைத் திறந்தால் முகத்தில் தண்ணீர், மேலே மாஸ்டர் குனிந்து நிற்கிறார்.

"என்னம்மா, நிப்பியா?"

"நிப்பேன் சார்."

"இது எத்தனாவது இன்னிங்ஸ்?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஸ்கோர் எழுதியிருந்தது. அதைப் பார்த்து, கட்டங்களை எண்ணி, "அஞ்சு சார்" என்றேன். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த இரண்டு இன்னிங்ஸும் நானே கேட்சர்.

மாஸ்டரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்டதே பெரிது. தப்பு என்னுடையது. ஏன் பொய் சொன்னேன் என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக அணித் தேர்வு அடுத்து வர இருந்தது. எனக்குப் பதிலாக உட்கார ஜூனியர் பெண் ஒருத்தி தயாராக நின்றாள். உங்கள் தம்பிக்கும் இதில் ஏதோ ஒன்று இருக்கும். அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அந்த வயதில், அந்த இடத்தில் உட்கார்ந்தவன், அணிக்காக அப்படித்தான் சொல்வான்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். தாளிக்கிற வாசனைக்குக் குமட்டியது. ஒருநாள் காலை கஞ்சி குடித்துக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரும்பி வந்து "கஞ்சி ஊத்தும்மா" என்று உட்கார்ந்தேன். "இப்பத்தானடி குடிச்ச" என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் என் கிளவுஸை எடுத்து நெல் குதிருக்குள் போட்டு, மேலே புது நெல்லைக் கொட்டிவிட்டாள். பெரிய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வாங்கித்தந்த கிளவுஸ் அது. நெல் இறங்கி அது வெளியே வர அடுத்த தை ஆனது. அம்மாவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஏப்ரலில் கணக்குப்பதிவியல் தேர்வு. பற்றுப் பக்கத்து எண்ணும் வரவுப் பக்கத்து எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பாதியில் எழுந்து வந்துவிட்டேன், அரியர் விழுந்தது. தலைவலி முழுதாக விட ஆவணி வரை ஆனது. இன்றும் ஓடுகிற பஸ்ஸில் என்னால் படிக்க முடியாது. அந்த அடியால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் படித்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவேன்.

"ஸ்கேன் நார்மல்" என்பதை வைத்து நிம்மதியடையாதீர்கள். கன்கஷனில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். மூளையில் ரத்தக் கசிவோ எலும்பில் விரிசலோ இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. அடியில் மூளை மண்டைக்குள் குலுங்குகிறது. அதன் வேலை தடுமாறுகிறது, அது படத்தில் விழாது. நல்ல ஹெல்மெட் போட்டால் மண்டை உடையாது, ஆனால் உள்ளே குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பும் கூடுகிறது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால், அது லேசான அடியாக இருந்தாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வம்தான், ஆனால் அது பெரும்பாலும் இளவட்டங்களுக்குத்தான் நேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கம் அடிக்குப் பயப்படுவதைக் கேவலமாகப் பேசுவார்கள். அலங்காநல்லூரும் பாலமேடும் இருக்கிற மாவட்டத்தில் பந்துக்குப் பயமா என்று இங்கேயும் ஒருவர் எழுதுவார். என் சின்ன அண்ணன் மாடு பிடிக்கப் போனவன்தான். கொம்பு கிழித்தால் ரத்தம் தெரியும், தெரிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பக்கத்திலேயே மருத்துவக் குழு நிற்கும். தலைக்குள் பட்ட உள்ளடிக்கு ரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. அதனால் யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். ஆடுகிறவன் வாயைத் திறந்தால்தான் உண்டு, அவனோ திறக்கமாட்டான்.

சரி, பேஸ்பால் பிறந்த அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் ஜோ மவர் கேட்சராக ஆடிக்கொண்டே மூன்று முறை லீகின் பேட்டிங் பட்டம் வாங்கியவர். 2013 ஆகஸ்டில் மாஸ்க்கில் ஃபவுல் டிப் பட்டுக் கன்கஷன். அந்த நவம்பரிலேயே இனி ஃபர்ஸ்ட் பேஸ்தான், அதாவது கேட்சர் இடத்தை விட்டு முதல் பேஸ் பக்கம் நின்று பந்து பிடிப்பதுதான் என்று முடிவாகிவிட்டது. 2018 வரை ஆடினார். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துக்கு மட்டும் கேட்சர் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அந்த வீடியோவைப் பார்த்து அழுதேன். 2024-இல் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இடம் மாறியதால் அவர் மதிப்பு குறையவில்லை. மைக் மத்தேனி என்ற கேட்சரோ ஃபவுல் டிப்புகள் தலையில் பட்டுப் பட்டு 2007-இல் ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டார். பிறகு செயின்ட் லூயிஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். கன்கஷனுக்கென்றே ஏழு நாள் ஓய்வுப் பட்டியலை, இவர்களெல்லாம் ஆடிய மேஜர் லீக் 2011-இல் கொண்டுவந்தது. கிரிக்கெட்டில் 2019 முதல் மாற்று வீரரையே இறக்கலாம்.

டேவிட் ராஸ் என்ற கேட்சர் கன்கஷனுக்குப் பிறகும் திரும்பி வந்தாரே என்று கேட்பீர்கள். வந்தார். 2013-இல் அடிபட்டு இரண்டு மாதம் ஒதுங்கியிருந்துவிட்டு, அதே வருடம் உலகத் தொடரில் ஆடி, 2016 வரை கேட்சராகவே இருந்தார். மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி நிபுணர்கள் இருந்தார்கள், அவர் தினமும் உட்காராத மாற்று கேட்சர், அதுதான் அவருக்குச் சம்பளம். உங்கள் தம்பிக்கு இதில் எது இருக்கிறது?

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியட் கணக்குக்குப் போய்விடும். வருடம் முழுக்க என்னை அசெம்பிளியில் வரிசை நிறுத்தவும், தலைமுடி வெட்டியிருக்கிறார்களா பார்க்கவும் வைத்துவிட்டு, மாவட்டப் போட்டி வந்ததும் "ஏன் டீச்சர் கப் வரல?" என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு விழத் தெரியவில்லை. எப்படி விழவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வாரத்தில் ஒரு பீரியட் கொடுத்தார்களா? நல்ல மாஸ்க் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். போன வருடம் என் கைக்காசில் இரண்டு வாங்கினேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பெண்ணையும் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லவைத்து, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவைத்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எவ்வளவு கெஞ்சினாலும். அப்புறம் அவளைக் கேட்பதில்லை. கூடப் படுக்கிற தங்கச்சியை, ஹாஸ்டல் தோழியைக் கேட்கிறேன். தூங்குகிறாளா, எரிந்து விழுகிறாளா, சொன்னதையே சொல்கிறாளா, டியூப்லைட்டை அணைக்கச் சொல்கிறாளா? இப்படிக் கேட்டுத்தான் இரண்டு பேர் மறைத்தது எனக்குத் தெரியவந்தது.

உங்கள் வீட்டில் அந்தக் கண் நீங்கள்தான். நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் நீங்களும் கூடப் போங்கள். ராஜாஜி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. அவன் சொல்வதை மட்டும் வைத்து அவரை முடிவெடுக்க விடாதீர்கள், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கப் போடுவது பழைய முறை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்து எறிவது, டாக்டர் சரி என்ற பிறகு அணியோடு முழுப் பயிற்சி, கடைசியில்தான் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே 108-க்கு போன் போடுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாலும் ஃபர்ஸ்ட் பேஸ் கேளுங்கள். கேட்சராக இருந்தவனுக்குப் பந்து பிடிக்கிற கை ஏற்கெனவே பழகியிருக்கும். நான் மறு வருடம் மேலூரில் பெண்கள் அணி ஒன்றில் அங்கேதான் நின்றேன். முதல் வாரம் அழுகையாக வந்தது, அப்புறம் பிடித்துப்போனது. அணி மாஸ்டரிடம் அவனைப் பேசச் சொல்லாதீர்கள், அவனால் முடியாது. நீங்களே போய்ப் பேசுங்கள். கோபித்துக்கொள்வான், கோபிக்கட்டும்.

இன்றைக்கே அவனை உட்காரவைத்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டான், போன ஆட்டத்தில் யார் பிட்சர், எத்தனை ரன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போனை வாங்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.