சிகரெட்டை விட்ட பிறகும் அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். கடைசி எட்டு வருடம் செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் வேலை. 32 வருடம் நாளுக்கு 15 சிகரெட் பிடித்தவர், இரண்டு வருடத்துக்கு முன் அடியோடு விட்டுவிட்டார். ஆனாலும் காலையில் சளியும் இருமலும் நிற்கவில்லை. கடைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் டிபி இல்லை என்றார்கள். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ‘சிஓபிடி’ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதி, ஒரு நீலப் பம்பும், கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். “அடித்த மருந்துதான் நெஞ்சில் தங்கிவிட்டது, பம்பைத் தொட்டால் அப்புறம் விடமுடியாது” என்கிறார் அப்பா. மூச்சு முட்டினால் மட்டும் நீலப் பம்பை எடுக்கிறார். அவர் சொல்வது சரியா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் அப்பாவின் நுரையீரல் கெட்டதற்கு முக்கியக் காரணம் சிகரெட் புகை. புகை நின்ற பிறகும் அதை அரித்துக்கொண்டிருப்பவை அவருடைய சொந்த வெள்ளை அணுக்கள்.

மருந்தடித்த சந்தேகத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டங்களில் எல்லாரும் பயந்த களைக்கொல்லி பாராகுவாட். மலேசியா அதை 2002-இல் தடை செய்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. காற்றுப்பைகளின் சுவரிலுள்ள செல்கள் பாலிஅமைன் என்னும் பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாராகுவாட்டும் உருவில் அதைப் போலவே இருப்பதால் அதே வழியில் நுழைந்து நுரையீரலில் குவிகிறது. உள்ளே போனதும் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, சூப்பர்ஆக்சைடு என்ற நச்சை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். செல்களின் சவ்வு சிதைந்து, அந்த இடம் தழும்பாகிவிடும். ஆனால் இது அந்த மருந்து வயிற்றுக்குள் போனவர்களுக்கு, சில சமயம் கெட்டி மருந்து காயத்தோலில் ஊறியவர்களுக்கு, நாட்களிலோ வாரங்களிலோ நடப்பது. தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பிலிருந்து வரும் துளிகள் பெரும்பாலும் 100 மைக்ரானுக்கு மேல் இருக்கும். காற்றுப்பை வரை இறங்க ஏறக்குறைய 5 மைக்ரானுக்குக் கீழ் இருக்க வேண்டும். பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். மருந்தடிப்பவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவது இதனால்தான்.

இதைக் கையிலிருக்கும் தாளிலேயே சரிபார்க்கலாம். ஊதிய சோதனையின் அறிக்கையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு எடுத்த எஃப்இவி1/எஃப்விசி விகிதம் இருக்கும்: முதல் ஒரு வினாடியில் ஊதிய காற்றை, மொத்தமாக ஊதிய காற்றால் வகுத்தது. 0.70-க்குக் கீழ் இருந்தால் காற்று வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது, அது சிஓபிடி. தழும்பேறிய நுரையீரலில் மொத்தக் காற்றே குறைந்துவிடுவதால் விகிதம் சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருக்கும். தோட்டத்தில் அடித்த மருந்தின் நெடி இருமலைக் கிளப்பியிருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு பிடித்தால் ஒரு ‘பேக்-ஆண்டு’. உங்கள் அப்பாவின் கணக்கு 24. இந்த நோய்க்கு அதுவே போதும்.

இனி உள்ளே நடப்பது. புகை காற்றுப்பையை அடைந்ததும் அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அதை விழுங்கி, ஐஎல்-8 போன்ற வேதிச் சைகைகளை விடுகின்றன. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து எலாஸ்டேஸ் என்னும் நொதியைக் கொட்டும். மேக்ரோஃபேஜும் எம்எம்பி-12 என்ற நொதியை விடும். இரண்டும் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை, காற்றுப்பைச் சுவரிலுள்ள எலாஸ்டின் நாரையும் அறுக்கின்றன. எலாஸ்டேஸை அடக்க ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதத்தைக் கல்லீரல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் புகையிலுள்ள ஆக்சிஜனேற்றிகள் அந்தப் புரதத்தின் முக்கியமான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்றைக் கெடுத்து அதைச் செயலிழக்க வைக்கின்றன. எலாஸ்டின் பெரும்பாலும் வளரும் வயதில் உருவாவது. அறுபது வயதில் அறுந்தால் புதிதாக முளைக்காது.

எலாஸ்டின் போன நுரையீரல் இழுவை விட்டுப்போன ரப்பர் வளையம் மாதிரி: விரியும், தானாகச் சுருங்காது. 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த சிறு குழாய்களை வெளியிலிருந்து இழுத்துத் திறந்து வைத்திருப்பவையும் இந்த நார்கள்தான். அவை போனதும் மூச்சு விடும்போது குழாய் மடங்கி, காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். நடக்கும்போது முழுதாக விடுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால் நெஞ்சு நிரம்பிப்போய், இழுக்க இடமில்லாமல் தவிப்பார். அந்த நேரம் மூக்கால் 2 எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணி விடச் சொல்லுங்கள். உதட்டிலிருந்து வரும் எதிரழுத்தம் அந்தக் குழாய்களைச் சற்றுத் திறந்து வைக்கும்.

சளிக்குக் காரணம் வேறு. புகையால் குழாயின் உட்பூச்சில் சளி சுரக்கும் செல்கள் பெருகும், சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் குட்டையாகும். இரவெல்லாம் தேங்கியது காலையில் வெளிவருகிறது. சளி பச்சையாக மாறினால், நியூட்ரோஃபிலில் உள்ள மயலோபெராக்சிடேஸ் என்ற பச்சை நிற நொதி சேர்ந்திருக்கிறது என்று பொருள். நிறமாற்றத்தோடு சளியும் மூச்சிரைப்பும் கூடினால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். இப்படி ஒவ்வொரு முறை முற்றும்போதும் நுரையீரல் இன்னும் கொஞ்சம் போகும்.

விட்டதில் என்ன பயன் என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்கள் தொடர்ந்து புகைத்தால், முதல் வினாடியில் ஊதும் காற்று ஆண்டுக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் குறையும். விட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 30, புகைக்காதவர் வயதானால் இழக்கும் அளவுதான். அழற்சி பல ஆண்டு நீடிக்கும், போனது திரும்பாது. ஆனால் போகும் வேகம் பாதியாகும். எந்தப் பம்பும் இதைச் செய்வதில்லை.

பம்ப் பழகிவிடும் என்பது வீண் பயம். நீலப் பம்பிலுள்ள சால்பியூட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையை 4 முதல் 6 மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். அவர் தினமும் எடுக்க வேண்டியது மற்றதை. அந்தக் கேப்சூல் பெரும்பாலும் டியோட்ரோபியமாக இருக்கும், பெட்டியைப் பாருங்கள். தசையைச் சுருக்கும் நரம்புச் சைகையை அது 24 மணி நேரம் தடுக்கும், சிக்கிய காற்று வெளியேற வழி கிடைக்கும். முட்டும்போது மட்டும் எடுத்தால் பயனில்லை.

கேப்சூலை வாயில் போட்டு விழுங்குகிறவர்கள் உண்டு, அப்பா எப்படி எடுக்கிறார் என்று நேரில் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் கேப்சூல் கெட்டுப்போகும், எடுக்கும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்தித் துளையிட்டு, முகத்தைத் திருப்பி மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் பொருத்தி மெதுவாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். கேப்சூல் அதிரும் சத்தம் கேட்கவேண்டும். மூச்சை 10 வினாடி பிடித்துவிட்டு அதே கேப்சூலை இன்னொரு முறை உறிஞ்சட்டும். தூள் கண்ணில் படக்கூடாது. சிறுநீர் அடைத்தாலோ, கண் வலித்து மங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீலப் பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை விட்டு, உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, 3 முதல் 5 வினாடி மெதுவாக இழுக்க வேண்டும். அழுத்தியதும் தொண்டையில் கசந்தால் மருந்து அங்கேயே நின்றுவிட்டது. இது பெரும்பாலானவர்களுக்கு வரும் சிக்கல், பம்போடு மாட்டிக்கொள்ளும் ஸ்பேசர் என்ற குழாயைக் கேளுங்கள். 200 முறை அடிக்கக்கூடிய பம்ப் ஒரு மாதத்தில் தீர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை.

ஸ்டீராய்டு பம்ப் எல்லாருக்கும் தேவையில்லை. ரத்தச் சோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி முற்றுகிறவர்களுக்குத்தான் நல்ல பலன். 100-க்குக் கீழ் இருந்தால் பலன் குறைவு, நிமோனியா ஆபத்து மட்டும் கூடும். 

வீட்டுப் புகையையும் கவனியுங்கள். மலேசிய, சீனக் கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று தெரிந்தது. சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிப்பது, விறகில் வெந்நீர் வைப்பது இரண்டும் நிற்கட்டும். புகைமூட்டக் காலத்தில் ஐபியு என்ற காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அவர் வெளியே நடக்க வேண்டாம். மற்ற நாட்களில் கட்டாயம் நடக்க வேண்டும், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தால் கால் தசை கரைந்து இன்னும் சீக்கிரம் வாங்கும்.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள், நிமோகாக்கல் தடுப்பூசியையும் கேளுங்கள். ஆக்சிஜன் கருவியை நீங்களாக வாங்கி வைத்து ஏற்றிவிடாதீர்கள். இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது இலக்கு 88 முதல் 92 சதவீதம், அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்கமுடியாமல் திணறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ 999-ஐ அழையுங்கள்.

எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தால் சளிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், டிபி இல்லை என்பது அப்போதுதான் உறுதியாகும். எடை குறைந்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ சிடி ஸ்கேனுக்கு எழுதிக் கேளுங்கள். 24 பேக்-ஆண்டு புகைத்தவருக்கு நுரையீரல் புற்றுநோயையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.