பொறு தம்பி, சேட்டுப் போட்டுக்கொண்டு வாறன்

வணக்கம்.

நல்லூர்த் தேரன்று சண்முகர் வெளியே வந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் நிறைய இருக்கின்றன, சாமியைக் கண்ட ஞாபகம் இல்லை. 'அதை வைத்துவிட்டு வாழப் பழகு' என்கிறார் அம்மா. படம் எடுப்பதையே விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். தேரை வேண்டுமானால் விடுங்கள், அதை எடுக்க ஊரே நிற்கிறது.

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் புத்திமதி, ஆல்பங்கள் பத்திரமாக இருக்கும் ஊர்க்காரருக்குத்தான் சரி. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் போருக்குத் தப்பி மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியபோது எத்தனையோ ஆல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்தன. இன்றைக்குச் சில வீடுகளில் அப்பப்பாவின் முகமென்று மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெருப்பித்து, செத்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் போடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் யாருடையவோ கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுப்பார்கள்; தோளோரத்தில் பக்கத்து ஆளின் மாலைப் பூ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதர் உர்ரென்று பார்ப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெரிய கோபக்காரர். உண்மையில் கமராவுக்கு முன்னால் அவர் தனியாகப் போனதெல்லாம் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் சம்பந்தம் பேசவும்தான். அந்த நேரத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்?

குருநகர்க் கரையில் ஒருநாள் வெறும் மேலோடு வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "பொறு தம்பி, சேட்டுப் போட்டுக்கொண்டு வாறன்" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்த வெயில், வலை, முதுகின் வியர்வை. திரும்பி வந்தவர் தலை வாரி, மேல் பொத்தான் வரை பூட்டி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்படியே எடுத்தேன். கண்காட்சிக்காரர்கள் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் வீட்டில் அதுதான் சுவரில் தொங்குகிறது. தன்னை இப்படிப் பார்க்க வேண்டுமென்று ஒரு மனிதர் ஆசைப்பட்டால் அதில் நமக்கென்ன நட்டம்? கேட்காமல் தூரத்திலிருந்து 'இயல்பாக' எடுத்துவிட்டுப் போகும் ஆட்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இன்னொன்று. டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்கும் உழைக்கும் சனங்களை எடுத்தார். நல்ல படங்கள். டார்வின் யாரென்று உலகத்துக்குத் தெரியும். இவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அதனால் அம்மாவை எடுங்கள். தேங்காய் துருவும்போது, பக்கத்து வீட்டு மாமியோடு வேலிக்கு மேலால் கதைக்கும்போது. கேட்டுவிட்டு எடுங்கள், சீலை மாற்ற வேண்டுமென்றால் மாற்றட்டும். முதல் படத்தில் விறைத்துத்தான் நிற்பார், கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடுவார். இரண்டு மூன்று போதும், பிறகு போனை வைத்துவிட்டுத் தேங்காயை நீங்கள் வாங்கித் துருவுங்கள். நல்லதாக ஒன்றைத் தெரிவுசெய்து கடதாசியில் பிரதி போடுங்கள், போன் எப்போது சாகுமென்று சொல்லமுடியாது. பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், இடம், ஆண்டு. அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

அம்மா எந்தச் சீலை கட்டினார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.