யுவி விளக்கு வாங்கலாமா? – மீன் தொட்டி கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 100 லிட்டர் நன்னீர்த் தொட்டி இருக்கிறது. ஏஞ்சல் 4, நியான் டெட்ரா 12, கொஞ்சம் செடிகள். மூன்று வாரமாகத் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றினாலும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. போதாததற்கு இரண்டு டெட்ராக்களின் வாலில் வெள்ளைப் புள்ளிகள். "யுவி போடு, எல்லாம் போய்விடும்" என்கிறார் நண்பர். "போட்டால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்" என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த இரண்டு டெட்ராக்களைப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். வாலில் இருக்கும் புள்ளி காத்திருக்காது.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்று வளர்ந்து, சில நாளில் உதிர்ந்து, தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரிகிறது. அந்தக் குட்டிகள் நீந்திப் போய் ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துப்போகும். யுவி விளக்கு என்பது மூடிய உறைக்குள் புற ஊதாக் கதிர் வீசும் டியூப், பம்ப் அதன் வழியாகத் தண்ணீரை ஓட்டும். அதனிடம் மாட்டுவது இந்த நீந்தும் பருவம் மட்டும்தான். அதுவும், மீனிடம் போய்ச் சேருவதற்குள் பம்ப் அதை இழுத்துக்கொண்டால். தோலுக்கு அடியில் இருப்பதையும் தரையில் ஒட்டியிருப்பதையும் விளக்கு தொடவே தொடாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் 100 லிட்டர் தொட்டியில், விளக்கு வழியாக மணிக்கு 100 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் முழுத் தண்ணீரும் விளக்கைக் கடந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கடந்து வந்த தண்ணீர் மறுபடி தொட்டியில்தானே கலக்கிறது? அதனால் அந்த ஒரு மணி நேரம் முடியும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஒரு முறைகூட விளக்குப் பக்கம் போயிருக்காது. சரி, பம்பை வேகப்படுத்தலாமே என்றால், வேகமாக ஓடும் தண்ணீர் மேல் வெளிச்சம் படும் நேரம் குறைந்துவிடும். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியைக் கொல்லப் போதுமான வெளிச்சம் இந்த ஒட்டுண்ணிக்குப் போதாது. அதைக் கொல்ல அதைவிடப் பல மடங்கு வேண்டும்.

நான் முதன்முதலில் யுவி வாங்கியதே வெண்புள்ளிக்காகத்தான். அன்று இரவு டார்ச் அடித்து எண்ணினேன்: ஒரே ஒரு டெட்ராவின் மேல் நான்கு புள்ளிகள். விளக்கை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் எல்லா டெட்ராக்களின் மேலும் ரவை தூவினாற்போல் இருந்தது. செவுள் படபடக்க மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஏழு மீன்கள் போயின. மருந்தை முதல் நாளே ஊற்றியிருந்தால் அவற்றில் பலவும் பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

ஆகவே வெண்புள்ளி மருந்தை இன்றே தொடங்குங்கள். டெட்ராவுக்கு அளவைக் குறைக்கச் சொல்லும் மருந்துகள் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். ஹீட்டரை மெல்ல மெல்ல 28 டிகிரிக்கு ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி, மருந்துக்கு ஆட்படும் பருவம் சீக்கிரம் வரும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஏர் பம்ப் ஓடட்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், லேபிளில் சொன்ன நாள் வரை தொடருங்கள். யுவி ஏற்கெனவே கையில் இருந்தாலும் இந்த நாட்களில் அணைத்தே இருக்கட்டும். பல மருந்துகளை அந்த வெளிச்சம் சிதைத்துவிடும்.

அப்புறம் பச்சைத் தண்ணீர். இங்கே உங்கள் நண்பர் சொல்வது சரி. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தண்ணீரே இளம்பச்சையாகத் தெரிந்தால் அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. ஃபில்டர் ஸ்பாஞ்சில் மாட்டாத அளவு சிறியது, நீங்கள் மாற்றும் தண்ணீரைவிட வேகமாகப் பெருகக்கூடியது. யுவி விளக்கின் 254 நானோமீட்டர் கதிர் அதன் டிஎன்ஏவைச் சிதைத்து, பெருகவிடாமல் செய்துவிடும். 5 முதல் 9 வாட் விளக்கு உங்கள் தொட்டிக்குத் தாராளம். ஃபில்டருக்குப் பிறகு, தண்ணீர் மெதுவாக ஓடும்படி மாட்டினால் ஒரு வாரத்துக்குள் பின்பக்கக் கண்ணாடி தெளிவாகத் தெரியும். டம்ளர் தண்ணீர் தெளிவாக இருந்து, பாசி கண்ணாடியிலும் இலையிலும் மட்டும் படிந்திருக்கிறது என்றால் யுவியால் ஒரு பயனும் இல்லை.

செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வாரம் ஸ்பாஞ்சை இரண்டு முறையாவது தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், தண்ணீரும் மாற்றுங்கள். தொட்டி மேல் வெயில் விழுகிறதா, லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், விளக்கை அணைத்த மாதமே பச்சை திரும்பி வரும். லைட் ஏழெட்டு மணி நேரம் போதும். வாங்காமலே முயன்று பார்க்க நினைத்தால், தொட்டியைக் கனமான கறுப்புத் துணியால் மூடி மூன்று நான்கு நாள் இருட்டில் வைக்கலாம். மருந்துக் காலம் முடிந்த பிறகு நான் முதலில் அதைத்தான் செய்வேன்.

அந்த அமோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா பற்றிய பயம் வேண்டாம். அவை வாழ்வது ஸ்பாஞ்சிலும் சரளைக் கல்லிலும் ஒட்டிக்கொண்டு. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. புதுத் தொட்டியில் பாட்டில் பாக்டீரியா ஊற்றும் நாட்களில் மட்டும் அணைத்து வையுங்கள். செடிக்கு இரும்பு உரம் போடுகிறவர் என்றால், அந்த உரத்தையும் யுவி சிதைத்து, செடி எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்துவிடும். தண்ணீர் தெளிந்ததும் நான் விளக்கை அணைத்துவிடுவது இதனால்தான்.

கேள்வி: ஒன்றரை வருடமாக யுவி இரவு பகலாக எரிகிறது. நீல வெளிச்சம் நன்றாகவே வருகிறது. ஆனாலும் தண்ணீர் மறுபடி பச்சையாகிறது. ஏன்?

பதில்: கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, பாசியைக் கொல்லும் கதிர் வேறு. கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. டியூப் பழசாகப் பழசாக அது குறைந்துகொண்டே போகும், நீலம் மட்டும் அப்படியே இருக்கும். இடைவிடாமல் எரிந்தால் பெரும்பாலான டியூப்களின் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஒரு வருடம். உங்களுடையது முடிந்துவிட்டது. மாற்றுங்கள்.

மாற்றும்போது டியூபைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையையும் கழற்றிப் பாருங்கள். உப்புப் படியும் தண்ணீராக இருந்தால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். புது டியூப் போட்டாலும் கதிர் அதைத் தாண்டி வெளியே வராது. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மென்துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். புது டியூபை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடித்து மாட்டுங்கள். இவ்வளவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். உள்ளே எல்லாம் மூடி, திருகும் இறுக்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். திறந்திருக்கும் டியூபைச் சில விநாடி பார்த்தாலே கண் புண்ணாகிவிடும்.